காகிதம் சுற்றிய புத்தகம்

[திரையில்: சவானா நகரத் தெரு. கையில் பொட்டலத்துடன் இரண்டு பிள்ளைகள்.]

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சவானா நகரம். 1850களில் ஒரு காலை, ஒன்பது மணி. சூசி என்ற சிறுமியும் அவள் தம்பியும் நடந்து போகிறார்கள். கையில் காகிதம் சுற்றிய பொட்டலம். உள்ளே இருப்பது பாடப் புத்தகம். போலீஸ்காரர் கண்ணில் பட்டால் வம்பு. கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது 1829 முதலே அங்கு சட்டப்படி குற்றம்.

உட்ஹவுஸ் என்ற விதவை அம்மாவின் வீட்டுச் சமையல்கட்டுதான் வகுப்பறை. இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். கும்பலாக நுழையக் கூடாது. ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். பார்க்கிற அக்கம்பக்கத்தார், ஏதோ கைத்தொழில் பழக வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பள்ளி விட்டதும் அதேபோல ஒவ்வொருவராக வெளியே வந்து, சற்றுத் தள்ளி இருக்கும் சதுக்கத்தில் மற்றவர்களுக்காகக் காத்திருப்பார்கள்.

அந்தப் படிப்பு வீட்டுக்கும் உதவியது. இரவில் கறுப்பினத்தவர் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பாட்டிக்கு அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தது பேத்திதான்!

[திரையில்: செயின்ட் சைமன்ஸ் தீவு, 1862.]

அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1862 ஏப்ரலில் சூசியின் குடும்பம் வடக்குப் படையின் பக்கம் தப்பிப் போனது. இந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியும் என்று அறிந்த அதிகாரிகள், பள்ளி நடத்துகிறாயா என்று கேட்டார்கள். புத்தகம் கொடுத்தால் நடத்துகிறேன் என்றாள். வடக்கிலிருந்து இரண்டு பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. பகலில் நாற்பது பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். டீச்சருக்கு வயது பதினான்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிமை விடுதலைக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்கள்தான் கல்வியைக் கொண்டுவந்தார்கள் என்றே கதை சொல்லப்படுகிறது. வந்தார்கள், உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு முன்பே இருட்டில் படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். வர்ஜீனியாவில் மேரி பீக் என்ற கறுப்பின ஆசிரியை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1861 செப்டம்பரில் ஹாம்ப்டன் அருகே ஒரு ஓக் மரத்தடியில் வெளிப்படையாகவே பாடம் எடுத்தார். அடுத்த பிப்ரவரியில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த மரம் இன்றும் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

[திரையில்: கம்பி போட்ட ஜன்னல்கள், மெல்ல நெருங்கும் காட்சி.]

சரி, சவானாவுக்குத் திரும்புவோம். 1864 டிசம்பரில் நகரம் வடக்குப் படையின் கைக்கு வந்தது. அடுத்த மாதமே கறுப்பினப் போதகர்கள் கூடி ஒரு கல்விச் சங்கம் தொடங்கினார்கள். பணம் அவர்களே திரட்டியது, ஆசிரியர்களும் அவர்கள் ஆட்கள். வகுப்பு நடந்த இடங்களில் ஒன்று பிரையன் அடிமைச் சந்தை. ஆட்களை விற்ற கட்டடத்தில், அதே இரும்புக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி விட்டுவைக்கவில்லை. 1866 மே மாதம் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மட்டும் பன்னிரண்டு பள்ளிகளைக் கொளுத்தினார்கள்.

போர் முடிந்து சூசி சவானாவுக்கு வந்தார். போர் நடந்தபோது வடக்குப் படைவீரர்களுக்குத் துணி துவைத்து, காயத்துக்கு மருந்து போட்டு, எழுத்தும் கற்றுக்கொடுத்து நான்கு வருடத்துக்கு மேல் உழைத்திருந்தார். ஒரு காசு சம்பளமில்லை. 1866-ல் வீட்டிலேயே பள்ளி திறந்தார். இருபது பிள்ளைகள், தலைக்கு மாதம் ஒரு டாலர். அந்த செப்டம்பரிலேயே கணவர் இறந்துபோனார். பிள்ளை பிறக்கவிருந்த நேரம். அந்த இருபது டாலர்தான் பிழைப்பு.

அப்புறம் வடக்கத்திய கிறிஸ்தவ மிஷன் சங்கம் ஒன்றின் பள்ளியான பீச் இன்ஸ்டிட்யூட் திறந்தது. அது இலவசம் என்பதால் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள் என்று சூசி எழுதுகிறார். இரவுப் பள்ளி வைத்துப் பார்த்தார். அங்கும் இரவு வகுப்பு வந்தது. இலவசப் பள்ளி வந்ததைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் பழைய டீச்சருக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். சூசி வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைக்குப் போனார்.

[திரையில்: பழைய புத்தகத்தின் அட்டை.]

1902-ல் தன் கதையைத் தானே எழுதிப் புத்தகமாக்கினார். காகிதப் பொட்டலம், சமையல்கட்டு, ஒரு டாலர் எல்லாம் அதில் அவர் எழுதி வைத்ததுதான்.