எல்லா மோட்டாரும் ஒரே நொடியில்

நேயர்களுக்கு வணக்கம்.

'பொருள்களின் இணையம்', அதாவது அன்றாடப் பொருள்களே இணையத்தோடு சேர்ந்து தங்கள் நிலையைச் சொல்வது, அது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் பேராசிரியர் இல்லை. கோவைக்குத் தெற்கே, விவசாய மோட்டார்களுக்குப் பேனல் போர்டு செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கிணற்று மேட்டிலிருந்து.

என் சின்ன வயதில் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். இரவு முறை என்றால் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, நடுச்சாமத்தில் எழுந்து, டார்ச் லைட்டும் கைத்தடியுமாகக் கிளம்புவார். கிணறு அரை மைல் தள்ளி. போய்ப் பார்த்தால் கரண்ட் இருக்காது. உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தால், படுத்த பத்தாவது நிமிடம் தெருவிளக்கு எரியும். மறுபடி நடை. வழியில் பாம்பு இருக்கும். ஈரக் கையோடு, மோட்டாரை ஓட்டும் பட்டன் பெட்டியான ஸ்டார்ட்டரைத் தொட்டு உயிரை விட்டவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு.

இன்றைக்கு அதே மோட்டார் கொட்டகையில் ஒரு டப்பா தொங்குகிறது. உள்ளே ஒரு சிம் கார்டு. மூன்று பேஸிலும் கரண்ட் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வந்ததும் போனுக்கு அழைக்கும். நாம் ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டாரை ஓட்டும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் வெறுமனே சுற்றும், அப்போது அது இழுக்கும் கரண்டின் அளவு, அதாவது ஆம்பியர், குறையும். அதைக் கண்டுபிடித்து நிறுத்தியும் விடும். 'ட்ரை ரன்' என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். இந்த ஒரு வசதிக்காகவே காசு கொடுக்கலாம். ஒரு முறை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகினால், அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவு எவ்வளவு என்று தோட்டக்காரர்களைக் கேளுங்கள்.

புனேயில் சந்தோஷ் ஓஸ்ட்வால் என்ற பொறியாளர் இந்த மாதிரிக் கருவியை 'நானோ கணேஷ்' என்ற பெயரில் கொண்டுவந்தார். 2009-ல் நோக்கியா நடத்திய போட்டியில் அது பரிசு வாங்கியது. பம்பைப் போடுவதற்காகத் தன் தாத்தா நடந்த நடைதான் அவருக்குத் தூண்டுதலாம். ஊருக்கு ஊர் ஓர் அப்பாரு இருந்திருக்கிறார்.

சரி, இந்த நடை விவசாயிக்கு மட்டும் உரியதில்லை. உலகத்தில் இணையத்தோடு சேர்ந்த முதல் பொருள்களில் ஒன்று, அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த கோக் இயந்திரம். 1980-களின் தொடக்கம். கணினித் துறை பெரிதாகிப் பலருடைய அறை இயந்திரத்திலிருந்து தள்ளிப் போய்விட்டது. அவ்வளவு தூரம் நடந்து போனால் பாட்டில் காலி. இல்லையென்றால் அப்போதுதான் நிரப்பியிருப்பார்கள், சூடாக இருக்கும். அந்த இயந்திரத்தில் வரிசைக்கு ஒரு விளக்கு உண்டு. பாட்டில் விற்றால் மின்னும், காலியானால் எரிந்துகொண்டே இருக்கும். அந்த விளக்குகளிலிருந்து ஒயர் இழுத்துக் கணினியில் சேர்த்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மூன்று மணி நேரம் தாண்டினால் 'குளிர்ந்தது' என்று காட்டும். அவர்களுக்குக் கோக், எங்களுக்குக் கரண்ட். மற்றபடி போய்ப் பார்த்து ஏமாந்து திரும்பும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

பொருள்களின் இணையம், ஆங்கிலத்தில் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்', என்ற பெயர் அப்புறம் வந்தது. 1999-ல் கெவின் ஆஷ்டன் என்பவர் தன் நிறுவனத்தில் ஒரு விளக்கக் கூட்டத்துக்கு வைத்த தலைப்பு அது. அவருடைய பிரச்சினை லிப்ஸ்டிக். நன்றாக விற்கிற ஒரு நிறம் கடை அலமாரியில் அடிக்கடி தீர்ந்துபோகிறது, தீர்ந்ததே நிறுவனத்துக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு பொருளிலும் ஒரு சின்ன ரேடியோ சில்லு வைத்தால் அதுவே தன் இருப்பைச் சொல்லிவிடுமே என்று யோசித்தார். அந்த வகைச் சில்லுதான் இன்று நம் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக். அதில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியின் ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து நம் நெடுஞ்சாலைகளில் அது கட்டாயம். வரிசையில் நிற்பது ஒழிந்ததா என்று கேட்காதீர்கள்.

பயன்களை இன்னும் அடுக்கலாம். மழையையும் காற்றையும் தானே அளந்து அனுப்பும் வானிலைக் கம்பங்கள், மீட்டர் படிக்க ஆள் வராமலே கணக்கு அனுப்பும் மின் மீட்டர்கள், படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் மீனவர் கருவிகள். அதையெல்லாம் விற்பவர்களே நன்றாகச் சொல்வார்கள். நான் பழுது பார்க்கிறவன். கெட்டுப்போகும் விதம்தான் எனக்கு அத்துபடி.

முதலில் ஒரு சின்னக் குறை. கருவி சொல்வது உண்மைதான், ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். 'மோட்டார் ஓடுகிறது' என்று போன் சொன்னால் மோட்டார் ஓடுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் தென்னைக்குப் போகிறதா, மடை உடைந்து பக்கத்துக் காட்டுக்குப் போகிறதா என்று அதற்குத் தெரியாது. நடந்து போன அப்பாருவின் காலுக்கு அது தெரிந்திருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே மோட்டார் போடுகிறவர்கள் தண்ணீரை முன்பைவிடத் தாராளமாகவே விடுகிறார்கள் என்பது என் கணிப்பு. நிலத்தடி நீர் போகும் போக்கில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது ஆயுள். ஒரு நல்ல மோட்டார் பதினைந்து வருடம் உழைக்கும். அதோடு சேர்த்து மாட்டிய மின்னணு டப்பாவுக்கு அந்த ஆயுள் உண்டா? டப்பா கெடாமல் இருக்கலாம், அது நம்பியிருக்கிற வேறொன்று போய்விடும். நம் பக்கத்து டப்பாக்களில் நிறைய 2ஜி என்ற பழைய தலைமுறை போன் சேவையின் சிம்மில் ஓடுகின்றன. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரிலும் ஒரு நாள் நிறுத்துவார்கள், அன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிற டப்பாவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

சில நேரம் கம்பெனியே கைவிட்டுவிடும். அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு கருவி இருந்தது. வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவது, விலை 300 டாலர். அந்தக் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம், அந்தக் கருவிகள் நம்பியிருந்த கம்பெனிக் கணினியை, அதாவது செர்வரை, நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிய பொருள், கெடாமலே செத்துப்போயிற்று. எங்கள் பக்கத்திலும் ஒரு கம்பெனியின் ஸ்டார்ட்டர் ஆப் திடீரென்று வேலை செய்யாமல் போனது. போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. பெயர் வேண்டாம். நல்லவேளை, நான் அந்தப் பேனல்களில் பழைய பச்சை, சிவப்பு பட்டன்களைக் கழற்றாமல் வைத்திருந்தேன். யார் வந்து எந்தப் புதுக் கருவியைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: டவர் இல்லை, ஆப் இல்லை, கம்பெனி இல்லை என்றால் இந்தப் பொருள் என்ன செய்யும்? கையால் ஓட்ட முடியுமா?

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அதற்கு நீங்கள் டிரான்ஸ்பார்மர் வரை வர வேண்டும்.

போனில் ஓட்டும் இந்த மொபைல் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்பே ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் மோட்டாரை ஓட்டிவிடும். தூக்கம் மிச்சம் என்று ஆளாளுக்கு மாட்டினார்கள். எங்கள் பக்கத்து 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் பன்னிரண்டு மோட்டார். ஏழரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 11, 12 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டும் சேர்ந்து ஓடினால் டிரான்ஸ்பார்மர் தாங்கும். ஆனால் மோட்டார் கிளம்புகிற சில நொடிகள் இருக்கிறதே, அப்போது ஆறு மடங்கு இழுக்கும். முன்பு ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து சேர்வதற்கும் அடுத்தவர் வருவதற்கும் கால் மணி நேர வித்தியாசம் இருந்தது. அந்த நடையே டிரான்ஸ்பார்மருக்குக் காவலாக இருந்தது, யாருக்கும் தெரியாமல். ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்த பிறகு, கரண்ட் வந்த அதே நொடியில் பன்னிரண்டும் ஒன்றாக எழும்பும். பியூஸ் போகும். போட்டால் மறுபடி போகும். ஒரு தடவை டிரான்ஸ்பார்மரே எரிந்து, சோளம் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் வாடியது. எந்த மோட்டாரிலும் பழுது இல்லை. எந்த ஸ்டார்ட்டரும் தப்பாக வேலை செய்யவில்லை.

இதே கதை 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் நடந்தது. அங்கே டைன் (Dyn) என்று ஒரு நிறுவனம். நாம் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடிக் கொடுப்பது அதன் வேலை. அன்றைக்கு லட்சக்கணக்கில் கேள்விகள் ஒரே நேரத்தில் அதன் மேல் வந்து விழுந்தன. டிவிட்டர், நெட்பிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. கேட்டது யார்? வீட்டு வாசல்களிலும் கடைகளிலும் மாட்டியிருந்த சிசிடிவி கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், வீட்டு ரூட்டர்கள்.

அவற்றை வளைத்துப் பிடித்த நிரலின் பெயர் மிராய். அது பெரிய மாயம் எதுவும் செய்யவில்லை. இணையத்தில் இருக்கும் கருவிகளின் கதவை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும். திறந்த கதவில், கம்பெனி முதலில் வைத்துக் கொடுத்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். அட்மின், அட்மின். ரூட், 12345. இப்படிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சொச்சம் ஜோடிகள்தான் அதன் பட்டியல். அதை வைத்தே உச்சத்தில் சுமார் ஆறு லட்சம் கருவிகளைப் பிடித்தது. எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். அவர்களுடைய தகராறு மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமை நடத்தும் செர்வர்கள் பற்றியது என்றால் நம்புவீர்களா? நிரலை அவர்கள் பொதுவெளியில் போட்டுவிட, அது பலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2017-ல் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இதில் கேமரா வாங்கியவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமே இல்லை. அவர் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. படம் தெரிந்தது. அதுதான் சிக்கல். எங்கள் ஊரில் ஒரு பால் பண்ணைக்காரரிடம், "அண்ணா, கேமரா பாஸ்வேர்டை மாத்திருங்க" என்று சொன்னேன். "எங்க மாட்டை எவன் பாத்தா என்னங்க தம்பி?" என்றார். மாட்டைப் பார்ப்பதற்காக யாரும் வருவதில்லை. அவருடைய கேமரா கேட்கும் ஒரு கேள்வியின் பலத்தை இரவல் வாங்கத்தான் வருகிறார்கள். தன் பியூஸ் போனால் உடனே பட்டறைக்கு ஓடி வருகிறவர், தன் கேமரா வேறு யாருடைய பியூஸையோ பிடுங்கினால் எதற்காக வரப்போகிறார்?

அதனால் இதை வாங்குகிறவர் பொறுப்பில் மட்டும் விட்டால் வேலைக்கு ஆகாது என்று அரசாங்கங்கள் புரிந்துகொண்டன. கலிபோர்னியாவில் 2020 தொடக்கத்திலிருந்து, எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்கத் தடை. பிரிட்டனிலும் 2024 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். எத்தனை காலம் வரை பாதுகாப்புத் திருத்தம் கொடுப்போம் என்பதையும் அங்கே கம்பெனி முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் விற்பனைக்கு வரலாம். நல்ல விதிகள். ஆனால் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறவற்றை அவை தொடாது. வீட்டுக்குப் போனதும் உங்கள் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தெரியாவிட்டால் மாட்டிய பையனையே கூப்பிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

எங்கள் டிரான்ஸ்பார்மர் கதையை முடிக்காமல் விட்டேன் அல்லவா? அதற்கு வழி சுலபமாகத்தான் இருந்தது. ஸ்டார்ட்டருக்குள் ஒரு டைமர் உண்டு. கரண்ட் வந்து எத்தனை நொடி கழித்து மோட்டார் கிளம்ப வேண்டும் என்று திருகி வைக்கலாம். பன்னிரண்டு பேரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசி, முதல் மோட்டாருக்குப் பத்து நொடி, அடுத்ததற்கு இருபது என்று வரிசையாக வைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அன்றிரவு கரண்ட் வந்தபோது மேட்டில் நின்று கேட்டேன். ஒன்று கிளம்பி நிதானத்துக்கு வந்ததும் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. காடு முழுக்க ஒவ்வொன்றாக எழும்பி, பன்னிரண்டும் சேர்ந்து ஓடியது. பியூஸ் அசையவில்லை.

கடைசி எண் எங்கள் சித்தப்பாவுக்கு. "ஏன் கண்ணு, எல்லாருக்கும் தண்ணி வந்தப்புறம்தான் எனக்கா?" என்றார். "ரெண்டு நிமிசம்தானுங்க சித்தப்பா" என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. போன மாதம் மறுபடி பியூஸ் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கொட்டகையாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். மூன்று பேனலில் டைமர் பூஜ்யத்தில் நின்றது. அதில் ஒன்று சித்தப்பாவுடையது.

வணக்கம்.