பூனை ஏன் செல்லமாகக் கடிக்கிறது?

(காட்சி: மடியில் படுத்திருக்கும் பூனை, முதுகைத் தடவும் கை)

கையை விடுங்கள், வால் நுனியை மட்டும் பாருங்கள். இவ்வளவு நேரம் சும்மா கிடந்தது இப்போது டக் டக்கென்று துடிக்கிறது, முதுகுத் தோல் ஒரு தடவை சிலிர்த்து அடங்குகிறது, காது இரண்டும் பக்கவாட்டில் திரும்புகின்றன, இதோ... கடித்துவிட்டது. "நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு" என்போம். திடீரென்று எங்கே? மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பல்லை வைத்திருக்கிறது.

தடவல் ஒரு அளவுக்கு மேல் போனால் பல பூனைகளுக்குத் தாங்காது. கன்னம், தாடை, காதுக்கு முன்பக்கம், இங்கெல்லாம் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. சொறிந்துவிட்டால் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். வயிறு, வால் தொடங்கும் இடம் இரண்டும் பெரும்பாலும் ஆகாது. மல்லாந்து படுத்தால் உங்களை நம்புகிறது, அவ்வளவுதான், வயிற்றைத் தடவக் கூப்பிடுகிறது என்று நினைத்துக் கையில் கோடு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

சரி, நக்கிக்கொண்டே இருந்துவிட்டு நறுக் நறுக்கென்று லேசாகக் கொறிக்கிறதே? அது வேறு. பூனைக்கு முன்னால் மேலே 6, கீழே 6 என்று நொய்யரிசி மாதிரி பற்கள் உண்டு. ரோமத்தில் சிக்கெடுப்பதும் பூச்சி பிடிப்பதும் அவற்றால்தான். பழகிய இன்னொரு பூனைக்கும் இதைச் செய்யும். உங்கள் கைக்குச் செய்தால் உங்களைச் சுத்தம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: கட்டிப் புரளும் இரண்டு குட்டிகள்)

எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்தவற்றோடு சண்டை போட்டுத்தான் கற்கின்றன. பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு ஆட்டத்திலிருந்து எழுந்து போகும். 4 வாரத்திலேயே தூக்கி வந்த ஒற்றைக் குட்டிக்கு இந்தப் பாடம் முழுதாகக் கிடைப்பதில்லை; 8 வாரமாவது தாயோடு இருக்கட்டும், 12 என்றால் இன்னும் நல்லது. அப்புறம் நாம் வேறு விரலை ஆட்டி ஆட்டி விளையாடி, விரல்தான் எலி என்று பழக்கிவிட்டு, அது 4 கிலோ ஆனதும் திட்டுகிறோம். குச்சியில் ஒரு கயிறு கட்டி ஆட்டினால் போதும்.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தப்பிக்கப் பார்க்கும் எலியும் அப்படித்தான் இழுக்கும். அசையாமல் வைத்திருந்து, விட்டதும் எழுந்து போய்விடுங்கள். அடி வேண்டவே வேண்டாம். இத்தனை நாள் கடிக்காத பூனை ஒரு இடத்தைத் தொட்டாலே கடித்தால், அங்கே வலிக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோலில் பல் இறங்கிவிட்டால் மட்டும் விளையாட்டில்லை. கோரைப்பல் ஊசி மாதிரி. ஓட்டை மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளேயே தங்கிவிடும். காபித்தூள், மஞ்சள்தூள் எல்லாம் அப்பாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் பூனையாலும் வரும்.

(காட்சி: முதல் காட்சி மறுபடியும், மெதுவாக)

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கையை எங்கே எடுத்திருக்க வேண்டும்?