பாகம் புதிது, விளக்கு மட்டும் அணையவில்லையே?

நேயர்களுக்கு வணக்கம்.

காருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் மாற்றியாயிற்று. ஆனாலும் வண்டியை எடுத்தால் மீட்டரில் அந்தச் சிவப்பு பேட்டரிப் படம் எரிந்துகொண்டே இருக்கிறது. "வாங்கினது டூப்ளிகேட்டாத்தான் இருக்கும்" என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். அதுவும் நடப்பதுதான். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது, பாகத்தை மாட்டும்போது கை பட்ட இடங்களை. கழற்றிய கனெக்டர், தளர்த்திய போல்ட், வழியை மறைக்கிறதே என்று ஒதுக்கிவைத்த எர்த் வயர் (பேட்டரி மைனஸை எஞ்சினோடும் பாடியோடும் இணைப்பது) என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஓடும்போது சிவப்பு பேட்டரி விளக்கு வந்தால், ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்த வண்டியை "வீடு பக்கம்தானே" என்று ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் போகும்.

பெல்ட் சரியாக இருக்கிறதா? இனி, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இப்போது பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் அதுவும் கோளாறுதான். பழைய மாடல்களில் ஆல்டர்னேட்டரை முதலில் உசுப்பிவிடும் சிறு மின்சாரமே அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. பல்பு போயிருந்தாலோ, பின்பக்கச் சின்ன கனெக்டர் மாட்டாமல் விட்டுப்போயிருந்தாலோ, நல்ல ஆல்டர்னேட்டர்கூட சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், சார்ஜ் ஏறாது.

அடுத்து மல்டிமீட்டர். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12 சொச்சத்தில் நின்று, மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் உடனே எஞ்சினை அணையுங்கள். பேட்டரி கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும். புது மாடல் கார்களில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அங்கே கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். ஹெட்லைட்டைப் போட்டு, ஏ.சி. ப்ளோயரை முழு வேகத்தில் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி, ஆல்டர்னேட்டரின் டயோடையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

அதிகம் பேர் செய்யாத சோதனை ஒன்றைச் சொல்கிறேன். அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் ஏறும் போல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள். கிளாம்ப்பின் மேல் வேண்டாம். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இனி சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும், கறுப்பை மைனஸ் குமிழிலும் வையுங்கள். இது 0.2-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் அந்தப் பாதையில் எங்கோ துரு, தளர்ச்சி, அல்லது பெயின்ட் மேலேயே முறுக்கிய எர்த் போல்ட். வெறும் 0.02 ஓம் தடை போதும். 40 ஆம்பியர் போகும்போது 0.8 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஆல்டர்னேட்டரில் 14.2 இருக்கும், பேட்டரிக்கு வந்து சேர்வது 13.4. புது பேட்டரியும் அரைவயிற்றோடேயே கிடக்கும்.

இரவில் மட்டும் விளக்கு மங்கலாக மினுக்குகிறது என்பார்கள் சிலர். பழைய முறையில் அந்தப் பல்பின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரிக்கும், மறு முனை ஆல்டர்னேட்டருக்கும் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் இருந்தால் பல்பு அணைந்திருக்கும். ஒரு வோல்ட் வித்தியாசம் வந்தாலும் நூல்போலச் சிவக்கும். ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாலும் இது வரும். ஆனால் ஆல்டர்னேட்டர் சரியாகவே இருந்து, சாவிப் பக்கத்தில் இக்னிஷன் சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்தோ, ஃபியூஸ் காலில் பாசி பிடித்தோ வோல்ட்டேஜ் குறைந்தாலும் அதே மங்கல் ஒளிதான் வரும். இதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மறுபடி மாற்றினால் காசுக்குக் கேடு.

சம்பந்தமில்லாத நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தாலோ, பிரேக் மிதித்தால் மீட்டரில் வேறேதோ மினுங்கினாலோ, எர்த்தைத் தேடுங்கள். கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு எஞ்சின் எர்த் பட்டையை மாட்ட மறப்பது சகஜம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் ஸ்டியரிங் படமோ, சறுக்கும் கார் படமோ எரிந்தால் பயப்பட வேண்டாம். ஸ்டியரிங் சென்சார் தன் நடுநிலையை மறந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடக் கோடிக்கும் வலக் கோடிக்கும் முழுதாகத் திருப்பி, நேராக்கி, சில நிமிடம் நேர்ச் சாலையில் ஓட்டினால் பல மாடல்களில் தானாக அணையும். அணையாதவற்றுக்கு, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவி வேண்டும்.

வீல் பேரிங் மாற்றியதும் ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு வந்தால், பேரிங் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். காந்தம் ஏற்றிய கறுப்பு வளையம் உள்ள முகம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஏர்பேக் விளக்கில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சீட்டைக் கழற்றினாலே இது வரும். மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைக்கவே கூடாது. பேட்டரி மைனஸைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் அதைத் தொட வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது பிரித்தால், கம்ப்யூட்டரில் கோளாறைக் குறிக்கும் எண், அதாவது கோடு (code), பதிந்துவிடும். திரும்ப மாட்டினாலும் விளக்கு எரியும்.

இந்தக் கோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பி.எஸ். 4 (புகை மாசு விதி) கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 என்ற, வண்டியே தன் கோளாறைக் கண்டு பதியும் முறை வந்துவிட்டது. ஸ்கேனரை மாட்டும் இடம் டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் கொண்ட சாக்கெட்டாக இருக்கும். பழைய பேட்டரி செத்துக்கொண்டிருந்தபோது பதிந்த கோடுகள், புது பேட்டரி போட்ட பிறகும் உள்ளேயே கிடக்கும். பி0562 என்றால் வோல்ட்டேஜ் குறைவு. யு-வில் தொடங்குபவை கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போனவை. ஸ்கேனர்காரர் அழிக்கும் முன், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அழித்து, வண்டியை ஓட்டி, மறுபடி படிக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்த கோடு எதுவோ, அதைத்தான் துரத்த வேண்டும். கோளாறு உண்மையிலேயே தீர்ந்திருந்தால், செக் எஞ்சின் விளக்கு அடுத்தடுத்த 3 ஓட்டங்களில் யாரும் அழிக்காமலே அணைந்துவிடும்.

வணக்கம்.