போர்க்கப்பலின் கவசம்: தடிப்பும் கடினமும்

நேயர்களுக்கு வணக்கம். போர்க்கப்பல்களின் கவசத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே எத்தனை அங்குலம் என்ற கேள்விதான் முதலில் வரும். 1889-இல் கட்டத் தொடங்கிய பிரிட்டனின் ராயல் சாவரின் வகைக் கப்பல்களின் பக்கவாட்டுக் கவசப்பட்டை 18 அங்குலம் வரை தடித்திருந்தது. 1895-இல் நீரில் இறங்கிய மெஜஸ்டிக் கப்பலிலோ அது 9 அங்குலம் மட்டுமே. தடிப்பு பாதியாகியும் பாதுகாப்பு குறையவில்லை. மிச்சமான எடையைக் கொண்டு கவசப்பட்டையின் உயரத்தைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கவும் முடிந்தது. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதையே இன்று முதன்மையாகப் பேச விரும்புகிறேன்.

மரக்கப்பல்களின் காலத்தில் கனத்த ஓக் பலகைகளே கவசமாகப் பயன்பட்டன. பீரங்கியிலிருந்து வரும் திண்மக் குண்டு துளைத்துச் சென்றாலும் அந்தத் துளையைத் தச்சர்களால் உடனே அடைத்துவிட முடிந்தது. உள்ளே சென்று வெடிக்கும் குண்டு வந்த பிறகு இந்த நிலை மாறியது. 1853 நவம்பரில் கருங்கடலின் சினோப் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை வெடிகுண்டுகளைக் கொண்டு உஸ்மானியக் கப்பற்பிரிவைத் தீக்கிரையாக்கியது. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1855 அக்டோபர் 17 அன்று, பிரான்சின் மூன்று மிதவைப் பீரங்கித் தளங்கள் ஏறத்தாழ 4 அங்குல இரும்புத் தகடு போர்த்திக்கொண்டு, கருங்கடல் கரையிலிருந்த ரஷ்யாவின் கின்பர்ன் கோட்டைக்கு அருகே நின்று சுட்டன. கோட்டையிலிருந்து வந்த குண்டுகள் அந்தத் தகடுகளில் பள்ளம் விழச் செய்தனவே தவிர அவற்றைத் துளைக்கவில்லை.

அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தன. துப்புய் தெ லோம் வடிவமைத்த பிரான்சின் 'குளுவார்' 1859-இலும், பிரிட்டனின் 'வாரியர்' 1860-இலும் நீரில் இறங்கின. குளுவார் மர உடலின் மேல் இரும்பு போர்த்திய கப்பல். வாரியரின் உடலே இரும்பு. வாரியரின் பக்கச் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளியே 4.5 அங்குலத் தேனிரும்புத் தகடும், அதன் பின்னே 18 அங்குலத் தேக்கும், அதற்கும் பின்னே கப்பலின் இரும்பு உடலும் தெரியும். தேக்கு அங்கே வெறும் இட்டுநிரப்பும் பொருள் அன்று. குண்டின் அதிர்ச்சியைப் பரவலாக்கிச் சட்டகத்துக்கு அனுப்புவதும், தகடு பிளந்தால் சிதறல்களைப் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலை. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை அப்படிச் செய்வதில்லை.

தகட்டைப் பிடித்து நிறுத்திய மரையாணிகளையும் மறந்துவிடக் கூடாது. தகடு குண்டைத் தாங்கிக்கொண்டாலும், அதிர்ச்சியில் மரை வெட்டிய இடத்தில் ஆணி அறுந்து, அதன் உட்புறத் துண்டு பீரங்கி வீரர்கள் நிற்கும் தளத்துக்குள் பாய்வது உண்டு. ஆணியின் தண்டு முழுவதையும் மரையின் அடிவிட்டம் அளவுக்கு இழைத்துவிட்டால், இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுவதும் பரவும், ஆணி அறுவதற்குப் பதிலாகச் சற்றே நீண்டு கொடுக்கும் என்று கண்டவர் வில்லியம் பாலிசர். கவசத்தைத் துளைக்கும் குளிர்வார்ப்புக் குண்டுகளைச் செய்தவரும் அவரே.

1862 மார்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஹாம்ப்டன் ரோட்ஸ் கடற்பகுதியில் வடதரப்பின் 'மானிட்டர்', தென்தரப்பின் 'வர்ஜீனியா' என்ற இரு கவசக் கப்பல்கள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோதியும் ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியவில்லை. கவசம் வென்றது என்று உலகம் முடிவு கட்டியது. மானிட்டரின் பீரங்கிகளில் குண்டுக்கு 15 பவுண்டு வெடிமருந்துக்கு மேல் இடக்கூடாது என்று ஆணை இருந்ததை நினைத்தால், அந்த முடிவு சற்று அவசரமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. பீரங்கிகள் பெருத்தன; தகடுகளும் கூடவே தடித்தன. 1876-இல் நீரில் இறங்கிய பிரிட்டனின் 'இன்ஃபிளெக்சிபிள்' கப்பலில், இடையே தேக்கு வைத்த இரு அடுக்குகளாக 24 அங்குல இரும்பு இருந்தது. அவ்வளவு எடையைக் கப்பல் முழுவதும் சுமத்த வழியில்லாததால், நடுப்பகுதியை மட்டும் இரும்புக் கோட்டையாக்கி, முன்பின் பகுதிகளுக்குப் பக்கக் கவசமே இல்லாமல் விட்டார்கள். தடிப்பைக் கூட்டும் வழி அத்துடன் அடைபட்டது.

அதே ஆண்டில் இத்தாலியின் ஸ்பெட்சியா நகரில் நடந்த சோதனை வேறொரு வழியைக் காட்டியது. 'துயிலியோ', 'டாண்டலோ' கப்பல்களுக்குத் தகடு தேர்ந்தெடுப்பதற்காக, தேனிரும்புத் தகடுகளையும் பிரான்சின் ஷ்னைடர் ஆலை அனுப்பிய 22 அங்குல மென்னெஃகுத் தகட்டையும் 100 டன் எடையுள்ள பீரங்கியால் சுட்டுப் பார்த்தார்கள். இரும்பைக் குண்டு துளைத்துச் சென்றது. எஃகு குண்டைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் தானும் துண்டு துண்டாக உடைந்து விழுந்தது. தேனிரும்பு நெளிந்து கொடுக்குமே ஒழிய எளிதில் உடையாது; அதே மென்மையால் குண்டுக்கு வழியும் விடும். எஃகு வழி விடாது. ஆனால் அடியைத் தாங்காமல் பிளக்கும். கடினமும் ஒடியாத தன்மையும் ஒரே தகட்டில் வேண்டும், இரண்டோ ஒன்றுக்கொன்று பகை. அடுத்த இருபதாண்டுக் கால உழைப்பெல்லாம் இந்தப் பகையைத் தீர்ப்பதற்காகவே நடந்தது.

பிரிட்டனின் ஷெஃபீல்டு நகர ஆலைகள் தேனிரும்பின் முகத்தில் எஃகை உருக்கி ஒட்டிக் கூட்டுக்கவசம் செய்தன. கருத்து சரியானதுதான், ஒட்டுதான் சரியாக நிற்கவில்லை. பலத்த அடி விழுந்தால் எஃகு முகம் பெயர்ந்து விழுந்தது. எஃகில் நிக்கல் சேர்த்தால் பிளவு குறையும் என்பதை ஷ்னைடர் ஆலை காட்டியது. 1890-இல் அமெரிக்காவின் அனாபொலிஸில் நடந்த சோதனையில் கூட்டுக்கவசம் படுதோல்வி அடைய, நிக்கல் எஃகு தாக்குப்பிடித்தது.

ஒட்டுப்போடும் முறைக்கே முடிவு கட்டியவர் அமெரிக்கரான ஹேவர்டு ஹார்வி. அவர் முறையில், எஃகுத் தகட்டின் முகத்தில் கரி நெருங்கிப் படியும்படி வைத்து, உலையில் இரண்டு மூன்று வாரங்கள் விடாமல் சூடேற்றுவார்கள். கரியிலுள்ள கார்பன் மெல்ல மெல்ல எஃகுக்குள் ஊறும். முகத்தில் செறிவாகவும் ஆழம் செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கும். பிறகு தண்ணீரால் திடீரெனக் குளிர்வித்தால் கார்பன் ஏறிய முகம் மட்டும் கடினமாகும். வெட்டரிவாளின் வாய் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் இருப்பதுபோல, இங்கே முகமும் முதுகும் ஒரே உலோகம், இடையே ஒட்டு என்பதே இல்லை. தொடக்கத்தில் சொன்ன ராயல் சாவரினின் 18 அங்குலம் கூட்டுக்கவசம்; மெஜஸ்டிக்கின் 9 அங்குலம் இந்த ஹார்வித் தகடு. ஜெர்மனியின் கிருப் ஆலை சில ஆண்டுகளிலேயே இதை மேலும் செம்மைப்படுத்தியது. எஃகில் நிக்கலோடு குரோமியமும் சேர்ந்தது. தகட்டின் முகத்தை மட்டும் வெளியே விட்டு மற்றப் பகுதியைக் களிமண்ணில் புதைத்துச் சூடேற்றி, முகத்தில் தண்ணீர் பீய்ச்சியதால் கடினம் வெகு ஆழத்துக்கு இறங்கியது. 15 அங்குலத் தேனிரும்பு தரும் பாதுகாப்பைக் கூட்டுக்கவசம் 12 அங்குலத்திலும், ஹார்வித் தகடு 7.5 அங்குலத்திலும், கிருப் தகடு 5.75 அங்குலத்திலும் தந்தன என்பது அக்காலப் பொறியாளர்கள் வழக்கமாகச் சொன்ன கணக்கு.

பீரங்கித் தரப்பும் சும்மா இருக்கவில்லை. கடினமான முகத்தில் மோதியதும் குண்டின் கூர்முனை நொறுங்கியது அல்லவா? ரஷ்யக் கடற்படை அதிகாரி மக்காரோவ், முனையின் மேல் மென்னெஃகில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார். மோதும் கணத்தில் அது முனையைச் சுற்றி அணைத்து நிற்க, முனை சிதையாமல் உள்ளே புகுந்தது. அத்தனை பாடுபட்டுப் பெற்ற கடினத்தை மென்மையான ஓர் உலோகத் துண்டு பெருமளவு பயனற்றதாக்கிவிட்டது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

கிருப் எஃகுக்குப் பிறகு உலோகத்தில் அவ்வளவு பெரிய பாய்ச்சல் நிகழவில்லை. எங்கே எவ்வளவு வைப்பது என்பதே கேள்வியாயிற்று. சுடும் தொலைவு கூடக்கூட, குண்டுகள் பக்கவாட்டில் வராமல் மேலிருந்து சரிந்து மேல்தளத்தில் விழத் தொடங்கின. 1916-இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் 'நெவாடா' கப்பலில் மெல்லிய கவசம் என்பதையே விட்டுவிட்டார்கள். எந்திரங்கள், வெடிமருந்து அறைகள், பீரங்கிக் கூண்டுகள் ஆகியவற்றுக்கு இயன்ற அளவு தடித்த கவசம். மற்ற இடங்களில் கவசமே இல்லை. அரைகுறைத் தகடு குண்டைத் தடுக்காது, அதை வெடிக்க மட்டுமே வைக்கும் என்ற அந்தத் தெளிவை நான் மிகவும் மதிக்கிறேன். அதே ஆண்டு வடகடலில் நடந்த ஜட்லாண்டுப் போரில், வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக் கட்டிய மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் வெடித்துச் சிதறியதற்கு மெலிந்த கவசத்தைவிட வெடிமருந்தை அசட்டையாகக் கையாண்டதே பெரிய காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஜப்பானின் 'யமாட்டோ'வில் கவசம் தன் உச்சத்தைத் தொட்டது: பக்கப்பட்டை 410 மில்லிமீட்டர், பீரங்கிக் கூண்டின் முகம் 650 மில்லிமீட்டர். 1945 ஏப்ரல் 7 அன்று விமானங்கள் வீசிய டார்பிடோக்களும் குண்டுகளும் அதை மூழ்கடித்தன. அதற்கு முன்பே, 1943 செப்டம்பரில், ஜெர்மன் விமானத்திலிருந்து வழிகாட்டி இறக்கிய குண்டுகள் இத்தாலியின் 'ரோமா' போர்க்கப்பலை மூழ்கடித்திருந்தன. அடி நீருக்கடியிலிருந்தும் வானிலிருந்தும் வரும்போது பக்கவாட்டில் சுமக்கும் எஃகு வீண்சுமையாகிவிடுகிறது.

இன்றைய கப்பல்களில் அந்தப் பழைய பட்டைகள் இல்லை. ஏவுகணையை வழியிலேயே வீழ்த்துவதையும், அடிபட்டால் தீயும் நீரும் பரவாமல் தடுப்பதையும் நம்பியே அவை கட்டப்படுகின்றன. 1975-இல் 'பெல்நாப்' என்ற அமெரிக்கக் கப்பல் ஒரு விமானந்தாங்கியுடன் மோதித் தீப்பிடித்தபோது அதன் அலுமினிய மேற்கட்டுமானம் உருகிப்போயிற்று. அதன் பிறகு வந்த அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகைக் கப்பல்களில் மேற்கட்டுமானத்தையும் எஃகிலேயே கட்டி, முக்கியமான அறைகளைச் சுற்றிச் சிதறல்களைத் தடுக்கும் கெவ்லார் என்ற வலிமையான செயற்கை இழை விரிப்புகளைப் பொருத்தினார்கள். வாரியரில் தேக்கு செய்த வேலைகளில் ஒன்றை இன்று கெவ்லார் செய்கிறது. நன்றி, வணக்கம்.