1637 கல்யாணப் பதிவை அப்படியே நம்பாதீங்க | க்ளூத்தியே வம்சாவளி

வணக்கம் மக்களே! போன வீடியோ பார்த்துட்டு நீங்க அனுப்பின வம்சாவளிப் பட்டியல் எல்லாத்தையும் பார்த்தேன். சந்தோஷம். ஆனா ஒரு விஷயம் மட்டும் என்னால தாங்க முடியல. பிரான்ஸ்ல இருந்து கனடா போன க்ளூத்தியே குடும்பத்துப் பொண்ணு ஆன் க்ளூத்தியே, ரோபேர் ட்ரூவேன் கல்யாணம், கனடாவோட கெபெக் ஊர், 1637 ஜூலை 12. சரி. பக்கத்துலயே ‘மூலப் பதிவு’ன்னு எழுதியிருக்கீங்க. அது மூலப் பதிவே இல்லைங்க!

1640 ஜூன்ல கெபெக் சர்ச் எரிஞ்சுபோச்சு. பங்குப் பதிவேடும், அதாவது அந்த சர்ச் வட்டாரத்துக்கான ஏடும், அதோட சாம்பல். அப்புறம் அவங்கவங்க ஞாபகத்துல இருந்ததைக் கேட்டு திரும்ப எழுதினாங்க. நீங்க பார்க்குறது அந்த ஞாபகத்தைத்தான். அதனால கெபெக்ல 1640 ஜூனுக்கு முந்தின ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எதை எடுத்தாலும், ‘தீக்குப் பிறகு எழுதினது’ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. ஒரே வரிதான், ப்ளீஸ்!

இந்த ஜோடிக்கு இன்னொரு ஆதாரம் இருக்கு. கல்யாண ஒப்பந்தம், 1636 ஜூலை 27. கனடாவுல இன்னிக்குக் கையில இருக்குற கல்யாண ஒப்பந்தத்துலயே இதுதான் பழசு. கெபெக் பக்கத்துல போபோர்ல, அந்த ஊர் நிலக்கிழார் ரோபேர் ழிஃபார் வீட்டுல வெச்சு, அங்க குடியேறின ழான் கியோன் எழுதினது. பொண்ணுக்கு அப்போ பத்து வயசு. கல்யாணம் அதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழிச்சுதான். ஒப்பந்தத் தேதியைக் கல்யாணத் தேதின்னு போட்டா அங்கேயே தப்பாயிடும்.

பொண்ணோட அப்பா ஸக்காரி க்ளூத்தியே, தச்சர். எழுதத் தெரியாது. பத்திரத்துல பேருக்குப் பதிலா ஒரு கோடரி வரைவார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது, அந்தக் கோடரி!

இவர் மகன் பேரும் ஸக்காரி. அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. பொண்டாட்டி பேரை வெச்சுப் பிரிங்க. அப்பாவுக்கு சேந்த் த்யுபோன், 1616, பிரான்ஸ்ல மோர்தாஞ். மகனுக்கு மத்லேன் எமார், 1648, லா ரோஷெல், அதுவும் பிரான்ஸ்தான். மகன் கல்யாணத்தைக் கெபெக் ஏட்டுல ராத்திரி பகலாத் தேடினாலும் கிடைக்காது.

தேடுற முறை: இன்னிக்கு இருக்குற ஆள்ல ஆரம்பிச்சுப் பின்னாடி போங்க, ஒவ்வொரு படியும் ஒரு கல்யாணப் பதிவு. அதுல ரெண்டு பேரோட அப்பா அம்மா பேரும் இருக்கும், அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பேரோட. கெபெக் ஏடு எனக்கு இவ்வளவு பிடிக்கக் காரணமே இதுதான். மறுமணம்னா மட்டும் சிக்கல். பல சமயம் இறந்துபோன துணையோட பேரை மட்டும் எழுதிட்டு, அப்பா அம்மாவை விட்டுடுவாங்க. அப்போ முதல் கல்யாணத்தைத் தேடிப் போங்க.

ஆங், தேதி! சொல்ல மறந்தே போயிட்டேன். ‘7’ போட்டுப் பக்கத்துல ‘ப்ர்’ (bre) மாதிரி சுருக்கெழுத்து இருந்தா அது ஜூலை இல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். பழைய கணக்குல வருஷம் மார்ச்சுல ஆரம்பிச்சதால வந்த பேருங்க. இதுல தப்பினா குழந்தை கல்யாணத்துக்கு முன்னாடியே பிறந்துடும்!

அடுத்தது ‘டி’ (dit) பேர், அதாவது குடும்பப் பேரோட ‘இப்படியும் கூப்பிடுவாங்க’ன்னு ஒட்டிக்கிற இன்னொரு பேர். ஊதோன் டி போலியூன்னு இருந்தா, பேரப்பிள்ளைங்க ஒருத்தர் ஊதோன், இன்னொருத்தர் போலியூ. ரெண்டையும் தேடணும். அமெரிக்கா போனவங்க பேரையே மொழிபெயர்த்துக்கிட்டாங்க. பிரெஞ்சுல ‘பச்சை மரம்’னு அர்த்தம் வர்ற புவாவேர் அங்க கிரீன்வுட்.

இதெல்லாம் பார்க்கக் காசு கட்டணுமான்னு கேட்டிருந்தீங்க. ஃபேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி இணையதளத்துல இலவசக் கணக்கு போதும், கெபெக் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளோட படமே இருக்கு. பேர் போட்டுக் கிடைக்கலைன்னா விட்டுடாதீங்க. பங்கையும் வருஷத்தையும் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு பக்கமாப் புரட்டுங்க. அடுத்த வீடியோ மோர்தாஞ் ஏடு, க்ளூத்தியே 1634ல கிளம்புறதுக்கு முன்னாடி உள்ளது.