ஞாயிறு டைவ், ஞாயிறு ராத்திரி காட் ரோடு: பெங்களூர் டைவர்ஸ் கவனிக்க

வணக்கம் மக்களே! பின்னாடி மோட்டார் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. கீழ தண்ணி லாரி நிக்குது. அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா என் கோவம் ஆறிடும், இன்னிக்கு கோவத்தோடயே பேசணும்.

ஒரு போஸ்டர் சுத்துது. உங்கள்ல நிறைய பேரு எனக்கே ஃபார்வர்ட் பண்ணி "போலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. பெங்களூர் டு நேத்ராணி, அதான் முருடேஷ்வர் பக்கத்துல கடல்ல இருக்கற ஸ்கூபா டைவ் தீவு, வீக்கெண்ட் பேக்கேஜ். வெள்ளி ராத்திரி மடிவாளால பஸ். சனிக்கிழமை முருடேஷ்வர் கோயில், பீச், கேம்ப்ஃபயர். ஞாயிறு காலைல போட், ரெண்டு டைவ். மதியம் சாப்பிட்டு நேரா ஜோக் ஃபால்ஸ். அங்கேர்ந்து ராத்திரியோட ராத்திரியா பெங்களூர், திங்கள் காலைல லாகின். யார் போட்டதுன்னு சொல்ல மாட்டேன், ஒருத்தர்னா சொல்லலாம், பாதிப் பேரு இதே வரிசைலதான் போடறாங்க. போஸ்டர்ல பெருசா ஒரு மோலா மோலா, அதான் சன்ஃபிஷ்ங்கற பெரிய மீன், படம் வேற. அதுக்கு அப்புறம் வரேன்.

இதுல எங்க தப்புன்னு பாருங்க. வரிசைதான் தப்பு. டைவ் கடைசில இருக்கு, மலை அதுக்கு அப்புறம் இருக்கு.

"டைவ் பண்ணிட்டு உடனே ஃபிளைட் ஏறக்கூடாது" எல்லாருக்கும் மனப்பாடம். ஏன்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க. 18 மீட்டர்ல உங்க மேல இருக்கற அழுத்தம் 2.8 அட்மாஸ்பியர். அந்த அழுத்தத்துல மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்துலயும் தசையிலயும் கரையுது. மேல வந்தப்புறமும் மணிக்கணக்கா மெதுவாதான் வெளிய போகும். அது போறதுக்குள்ள வெளி அழுத்தம் இன்னும் குறைஞ்சா, உள்ள இருக்கறது குமிழா வர வாய்ப்பு கூடும். சோடா பாட்டில் உதாரணம் எல்லா கோர்ஸ்லயும் சொல்லிட்டாங்க, நான் சொல்லப்போறதில்ல. விஷயம் என்னன்னா, உடம்புக்கு விமானம், பஸ்னு வித்தியாசம் தெரியாது. வெளி அழுத்தம் எவ்வளவு, அவ்வளவுதான்.

பெங்களூர் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 900 மீட்டர். இங்க காத்தழுத்தம் கடற்கரைல இருக்கறதுல ஏறக்குறைய 90 சதவீதம்தான். சென்னைக்காரங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, கடல்லேர்ந்து வீட்டுக்குப் போனாலும் அதே மட்டம். நமக்கு வீட்டுக்குப் போறதே மேல ஏறறதுதான்.

கணக்கு என்ன? டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்ங்கற டைவ் பாதுகாப்பு அமைப்பு 2002-ல கூட்டின பட்டறைல வந்த பரிந்துரை: டீகம்ப்ரஷன் ஸ்டாப், அதாவது நைட்ரஜன் வெளிய போக மேல வர்ற வழியில நிக்கறது, தேவைப்படாத ஒரே ஒரு டைவ்னா ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மணி நேரம். ஒரே நாள்ல பல டைவ், இல்ல பல நாள் டைவ்னா 18 மணி நேரம். கட்டாய டீகம்ப்ரஷன் ஸ்டாப் வந்த டைவ்னா அதுக்கும் நல்லா மேல. இது, விமானத்துக்குள்ள இருக்கற அழுத்தம் 2,000 அடிலேர்ந்து 8,000 அடி உயரத்துல இருக்கற அழுத்தத்துக்குச் சமமா இருந்தா. 2,000 அடின்னா 610 மீட்டர். நம்ம வீடு அதைத் தாண்டிதான் இருக்கு. ரோட்டுல ஏறறதுக்குன்னு அமெரிக்கக் கடற்படை டைவிங் மேனுவல்ல தனி டேபிளே இருக்கு: டைவுக்கு அப்புறம் எந்த உயரத்துக்குப் போக எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு.

இப்ப போஸ்டரை இதுல வெச்சுப் பாருங்க. ரெண்டாவது டைவ் முடிஞ்சு போட்ல ஏறும்போது 12:30-ன்னு வைங்க. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் ஜோக், அது சுமார் 500 மீட்டர். நாலு மணி நேரந்தான் ஆகியிருக்கு. அப்புறம் சாகரா, ஷிவமொக்கா, ரெண்டும் 600-ஐ ஒட்டி. விடியறதுக்கு முன்னாடி தும்கூர், 800-க்கு மேல. 18 மணி நேரம் முடியறது திங்கள் காலை 6:30-க்கு. நேரா பெங்களூர் வர்ற ராத்திரி பஸ்ஸை நான் எல்லைல நிக்குதுன்னு சொல்லுவேன். ஜோக் சேர்த்த பஸ் மோசம். அதைவிட மோசம் சொந்தக் கார்: மதியம் ரெண்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி பதினொண்ணுக்கு வீட்டுல இருக்கறவங்க. பத்தரை மணி நேரந்தான் ஆகுது!

ரயில் பத்தி கேப்பீங்க. முருடேஷ்வர் எக்ஸ்பிரஸ் மங்களூர் வழியா போயி சுப்ரமண்யா ரோடு, சக்லேஷ்பூர்னு ஏறுது. சக்லேஷ்பூர் 900 மீட்டருக்கு மேல. காட் அழகா இருக்குங்கறதுக்காக அழுத்தம் குறையாம இருக்காது.

சரி, என்ன பண்ணலாம்? வரிசையைத் திருப்புங்க, அவ்வளவுதான். வெள்ளி ராத்திரி பஸ், சனிக்கிழமை காலைல டைவ். ஞாயிறு முழுக்கக் கடல் மட்டத்துலயே சுத்துங்க: ஹொன்னாவர்ல சராவதி ஆத்துல படகு, அப்சரகொண்டா, கோகர்ணா. ஞாயிறு சாயங்காலம் பஸ். 30 மணி நேரம் கிடைக்குது, ஒரு பைசா கூட ஆகாது. பேக்கேஜ்காரங்க ஏன் மாட்டேங்கறாங்கன்னா, சனிக்கிழமை போட்ல இடம் கம்மி. கேட்டு வாங்குங்க.

ஓப்பன் வாட்டர், அதான் ஸ்கூபாவோட முதல் சர்டிஃபிகேட் கோர்ஸ், பண்றவங்களுக்கு இது ஒத்து வராது. கடல்ல நாலு டைவ், ஒரு நாளைக்கு ரெண்டுன்னு ரெண்டு நாளாதான் பண்ணுவாங்க. ஞாயிறு டைவ் கட்டாயம் வரும். அப்ப திங்கட்கிழமை லீவு போட்டுட்டுதான் புக் பண்ணணும். லீவு இல்லைன்னா பாண்டிச்சேரில பண்ணலாம்... இல்ல, அதுவும் அதே கதைதான். பாண்டிலேர்ந்து கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வந்தாலே 800 மீட்டர் தாண்டிடுது. மதியம் கிளம்பினா சாயங்காலமே ஓசூர் டிராஃபிக்ல நிப்பீங்க.

ஆ, சொல்ல மறந்துட்டேன். நீச்சல் தெரியாம, கோர்ஸ் இல்லாம, இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடிச்சுட்டுப் பண்ற டிஸ்கவர் டைவ் இருக்குல்ல, அதுக்கு உச்ச ஆழமே 12 மீட்டர். பெரும்பாலும் அதைவிட மேலயே, கொஞ்ச நேரந்தான். நைட்ரஜன் ரொம்ப குறைவா ஏறும். ஒரு தடவை மட்டும் இறங்கினவங்க 12 மணி நேரக் கணக்குல வருவாங்க, ராத்திரி பஸ் அவங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்ல. ஜோக்கை மட்டும் வெட்டிடுங்க. நான் பயப்படறது சர்டிஃபிகேட் வாங்கி 25, 28 மீட்டர்னு ரெண்டு டைவ் அடிச்சுட்டு ஸ்டியரிங் பிடிக்கறவங்களைப் பத்தி.

இதுக்குத்தானே கைல கட்டற டைவ் கம்ப்யூட்டர்னு கேப்பீங்க. கரெக்ட், டைவுக்கு அப்புறம் அதுல சின்னதா ஒரு விமானம் படம் வரும், பக்கத்துல நேரம் குறைஞ்சுட்டே இருக்கும். ஆனா வாடகைக் கம்ப்யூட்டரை டைவ் முடிஞ்சதும் கடைல திருப்பிக் கொடுத்துடறோம்! உங்க உடம்புல இருக்கற நைட்ரஜனோட கணக்கு அவங்க டப்பால கிடக்கும். கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஸ்கிரீனையும், டைவ் முடிஞ்ச நேரத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க.

சொந்தக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு இப்ப என் சின்ன வெற்றியைச் சொல்லியே ஆகணும். பேட்டரி! சர்வீஸுக்குக் கேட்டா ஆயிரத்து சொச்சம் சொல்றாங்க, ரெண்டு வாரம் ஆகும்ங்கறாங்க. உள்ள இருக்கறது ஒரு காயின் செல். எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கற எஸ்.பி. ரோடு போனேன். செல், ஓ-ரிங் (தண்ணி உள்ள போகாம மூடியை அடைக்கற ரப்பர் வளையம்), சிலிகான் கிரீஸ், எல்லாம் சேர்த்து இருநூறுக்குள்ள முடிஞ்சது. இருநூறு! எனக்கு ரெண்டு நாளா இதே பேச்சுதான், வீட்டுல காதைப் பொத்திக்கறாங்க.

ஒரு எச்சரிக்கை. சூன்டோ ஜூப் மாதிரி மாடலுக்கு வேண்டியது சி.ஆர். 2450. கிரெஸ்ஸி லியோனார்டோவுக்கு சி.ஆர். 2430. ரெண்டும் ஒரே அகலம், 24.5 மில்லிமீட்டர். தடிமன்தான் வேற: 2430-னா 3 மில்லி, 2450-னா 5 மில்லி. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், மூணு வோல்ட்"னு கைல திணிப்பார். மெல்லிசு செல்லைப் போட்டா ஸ்பிரிங் சரியாத் தொடாது, தண்ணிக்குள்ள ஒரு ஆட்டம் ஆடினா கம்ப்யூட்டர் செத்துடும். நம்பரைப் படிச்சு வாங்குங்க.

மாத்தறது எப்படின்னா, கம்ப்யூட்டரை நல்ல தண்ணில கழுவி முழுசாக் காய வைங்க. மூடியை நாணயத்தால திருகித் திறங்க. பழைய ஓ-ரிங்கை பழைய ஏ.டி.எம். கார்டு மூலையால கிளப்புங்க. ஊசி, சேஃப்டி பின் வேணாம், பள்ளத்துல கீறல் விழுந்தா அந்தக் கீறல் வழியாவே தண்ணி வரும். நூல் விடாத துணியால பள்ளத்தைத் துடைங்க. புது ஓ-ரிங்ல கிரீஸ் பளபளன்னு தெரிஞ்சாப் போதும், வழியக்கூடாது. கிரீஸ் அதிகமானா மண்ணையும் முடியையும் பிடிச்சு வெச்சுக்கும், ஒரு தலைமுடி குறுக்க கிடந்தாலே லீக்தான். வாசலின் போடாதீங்க, பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை ஊத வைக்கும்.

இதுல ஒண்ணு நம்ம விஷயத்தோட சேருது. பல மாடல்ல செல்லைக் கழட்டினா, உங்க உடம்புல மிச்சம் இருக்கற நைட்ரஜன் கணக்கும் அழிஞ்சுடும். டைவ் டிரிப்புக்கு நடுவுல மாத்தினா, அடுத்த டைவ்ல அது உங்களைப் புது ஆளுன்னு நினைச்சு அதிக நேரம் கொடுக்கும். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க.

சரி, மோலா. அந்தப் படத்தைப் போட்டவரைக் கண்டா கேக்கணும். டைவர்ஸ் மோலாவைத் தேடிப் போறது பாலிக்குப் பக்கத்துல இருக்கற நுசா பெனிடா தீவு, ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும். ஆழத்துலேர்ந்து குளிர்ந்த தண்ணி மேல வரும்போது அதோட சேர்ந்து வரும், உடம்புல இருக்கற ஒட்டுண்ணியைச் சின்ன மீன்களை விட்டுச் சுத்தம் பண்ணிக்க. அங்க பார்க்கறது பெரும்பாலும் மோலா அலெக்சாண்ட்ரினிங்கற இனம். தண்ணி 20 டிகிரிக்குக் கீழ போகும், 5 மில்லி தடிமன் வெட்சூட் இல்லாம போனா நடுங்கிட்டு வருவீங்க. அங்க கிரிஸ்டல் பேங்கற இடத்துல கீழ்நோக்கி இழுக்கற நீரோட்டம் வேற. இது புதுசா கத்துக்கிட்டவங்களுக்கான இடமே இல்ல. நேத்ராணில என்ன கிடைக்கும்? கூட்டம் கூட்டமா சங்கரா வகை மீன், சீலா, லயன் ஃபிஷ், விலாங்கு, கிளிமீன். அதுவே தாராளம். எனக்குப் பெரிய மீன் வெறி கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும், ஒரு கல்லைச் சுத்தி அரை மணி நேரம் நூடிபிராங்க், அதான் குட்டி கடல் நத்தை மாதிரி ஒண்ணு, தேடற ஆளு நான்.

பாலின்னு சொன்னதும், அங்கயும் இதே மலைக் கதை இருக்கு. துலாம்பென்ல லிபர்ட்டிங்கற அமெரிக்கக் கப்பல் கிடக்கு. 1942 ஜனவரில ஜப்பான் நீர்மூழ்கி அடிச்சது, கரைல ஒதுங்கிக் கிடந்ததை 1963-ல ஆகுங் எரிமலை குமுறினப்ப கடலுக்குள்ள தள்ளிடுச்சு. கரைலேர்ந்தே நடந்து இறங்கலாம், 5 மீட்டர்லேர்ந்து 30 மீட்டர் வரைக்கும் கிடக்கு. ஆசியாலயே எனக்குப் பிடிச்ச கப்பல் இதுதான், சண்டைக்கு வந்தாலும் சரி. ஆனா டைவ் முடிஞ்சு உபுட் போக டிரைவர் கிந்தாமணி வழியாக் கூட்டிட்டுப் போவார், வியூ நல்லாருக்கும்னு. கிந்தாமணி 1,500 மீட்டர்! அம்லபுரா, சாண்டிதாசான்னு கரையோர ரோட்டுல போகச் சொல்லுங்க. மறுநாள் விடியக்காலைல பத்தூர் மலை ஏறற டிரெக் 1,717 மீட்டர், அதை டைவுக்கு முன்னாடி வெச்சுக்கோங்க.

இலங்கையும் அப்படித்தான். திருகோணமலை சீசன் மே முதல் செப்டம்பர், நேத்ராணி மழைக்கு மூடிக் கிடக்கும்போது நமக்குச் சரியான மாற்று. புறாத்தீவுல ஸ்நோர்கெல்லயே கருமுனைச் சுறா பார்க்கலாம். அங்க முடிச்சுட்டு அடுத்த நாளே நுவரெலியா, 1,868 மீட்டர். எல்லா டிராவல் ஏஜென்ட்டும் அந்த வரிசைலதான் போடுவாங்க. நுவரெலியாவை முதல்ல முடிச்சுட்டுக் கடலுக்கு இறங்குங்க. மலேசியால டைவ் பண்ண சிபடான் தீவுக்குப் போறவங்க கினபாலு மலையையும் சேர்க்கறாங்க, அது 4,095 மீட்டர், அதுக்கு நான் விளக்கமே சொல்லத் தேவையில்ல.

அந்தமான்ல இந்தப் பிரச்சினை சுலபம். ஹேவ்லாக், நீல் எல்லாம் கடல் மட்டம், கடைசி நாள் ஃபெரி, அதுக்கு மறுநாள் ஃபிளைட்னு போட்டா முடிஞ்சது. டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் மாதிரி ஆழமான இடத்தை முதல் நாள்கள்ல வெச்சுக்கோங்க, நீமோ ரீஃப் மாதிரி ஆழமில்லாததைக் கடைசிக்கு.

ஆங், உடம்புல குமிழ் உண்டானா வர்ற அறிகுறி சொல்லாம முடிக்கக்கூடாது. மலை ஏறும்போது முட்டி, தோள்பட்டை வலி, கை கால் மரமரப்பு, தோல்ல திட்டுத் திட்டா சிவப்பு, தூக்கம் கெட்டதால வர்ற மாதிரி இல்லாத ஒரு அசாத்தியச் சோர்வு. "போட்ல தூக்கினது, பஸ்ல மடங்கினது"ன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. மேல போறதை நிறுத்துங்க, 100 சதவீத ஆக்சிஜன் கிடைக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க, டைவ் பண்ணினேன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. டாக்டருக்கு நீங்க சொன்னாத்தான் தெரியும். திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கிச் சரி பண்ணிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

கடைசியா, கமெண்ட்ல வழக்கமா வர்ற கேள்வி: காத்திருக்கற நாள்ல ஸ்நோர்கெல் பண்ணலாமா? மேலாப்புல மிதந்து பார்க்கறதுக்கு ஒண்ணும் தடை இல்ல. மூச்சைப் பிடிச்சு 10 மீட்டர், 15 மீட்டர்னு இறங்கி ஏறற விளையாட்டு மட்டும் ஸ்கூபாவுக்கு அப்புறம் அன்னிக்கு வேணாம். செல் நம்பர், அதான் பேட்டரி செல் நம்பர், கீழ டிஸ்கிரிப்ஷன்ல மாடல் வாரியாப் போட்டிருக்கேன். உங்க மாடல் அதுல இல்லைன்னா கமெண்ட்ல பேரைப் போடுங்க, மேனுவலைப் பார்த்துச் சேர்த்துடறேன். லாரி போயிடுச்சு போல.