மயானத்தில் நின்று எண்ணியவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கொரோனாக் காலத்தில் மக்களுக்குத் துணை நின்றது ஆட்சியின் உழைப்பா, ஊடகத்தின் விழிப்பா என்பது தலைப்பு. ஊடகமே என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் சற்று முன், "ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து பிணம் எண்ணுகிறவன் நிருபனா, வெட்டியானா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார். என் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன்; முதலில் இந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

ஆமாம் ஐயா, எண்ணினார்கள். 2021 ஏப்ரலில் அகமதாபாத்தில், 'சந்தேஷ்' என்ற குஜராத்தி நாளிதழின் நிருபர்கள், 1,200 படுக்கைகள் கொண்ட கொரோனா மருத்துவமனையின் பிணவறைக்கு வெளியே விடிய விடியக் காத்திருந்து, 17 மணி நேரத்தில் 69 உடல்கள் வெளியேறியதைக் குறித்தார்கள். மறுநாள் அரசு சொன்ன கணக்கு மாநிலம் முழுமைக்கும் 55. நடுவர் கணக்கில் புலி என்பதால் இன்னொரு முறை சொல்கிறேன்: ஒரு வாசலில் 69, ஒரு மாநிலத்தில் 55! அதோடு அவர்கள் வீடு திரும்பினார்களா? ஏப்ரல் 16 இரவு 150 கிலோமீட்டர் வண்டியில் அலைந்து, 21 சுடுகாடுகளில் 200க்கும் மேற்பட்ட உடல்களை எண்ணினார்கள். அகமதாபாத்துக்கு மறுநாள் அரசு சொன்னது 25. அப்படியானால் சுடுகாட்டுக்கு ஒன்றேகால் பிணம்கூட வரவில்லை. அந்தக் கால் பிணம் யாருடையது என்று எதிரணித் தலைவர்தான் விளக்க வேண்டும்.

'வெட்டியான்' என்பதை அவர் வசையாக வீசினார்; நான் பட்டமாக ஏற்றுக்கொள்கிறேன். பெற்ற பிள்ளையின் உடலோடு மனைவியே வந்து நின்றபோதும் மயானக் கூலியை விட்டுக்கொடுக்காத அரிச்சந்திரன் அங்கே என்ன உத்தியோகம் பார்த்தான் என்பதை, கூத்துப் பார்த்து வளர்ந்த இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் மட்டும் என்ன? சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் அரசுப் பட்டியலுக்கும் இடையிலான வேறுபாட்டை 2020 ஜூனில் பத்திரிகைகள் எழுதின, குழு அமைந்தது, ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் ஏறின.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். 2021 மே மாதம் அவருடைய கணவரின் உடலை ஒரு மருத்துவமனை பொட்டலமாகக் கட்டி, முகத்தைக்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டது. சான்றிதழில் மூச்சுத்திணறல் என்று மட்டுமே இருந்தது. பின்னாளில் கொரோனா மரணத்துக்கு என்று 50,000 ரூபாய் அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சொல் இல்லாத காகிதத்தோடு அவர் எத்தனை படி ஏறி இறங்கினார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர் அதைச் சொல்லி அழுவதில்லை. சுடுகாட்டு வாசலில் நின்ற நிருபர் ஒருவர் நோட்டை விரித்துக் கணவரின் பெயரைக் கேட்டு, "சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா அக்கா?" என்று விசாரித்து எழுதினாராம். அதைச் சொல்லும்போதுதான் அழுகிறார்.